வாயசைவும் வரிக்கோடும்

பாட்டுக்குப் படம் பிடிக்கிற இடத்தில் பாட்டுப் பதிவாவதில்லை. ஒலிக்கூடத்திலோ, சுவரில் போர்வை தொங்கவிட்ட விடுதி அறையிலோ பாடலை முன்பே பதிந்து முடித்திருப்பார்கள். படப்பிடிப்பு நாளில் அதை ஸ்பீக்கரில் ஓடவிட, பாடியவரோ அவருக்குப் பதிலாக வேறொருவரோ வாயசைப்பார். 1938இல் வெளிவந்த ‘நந்தகுமார்’ படத்திலேயே தமிழ்த் திரை பின்னணிப் பாட்டுக்கு வந்துவிட்டது. இன்று விஸ்காம் படிக்கும் மாணவர் கையில் ஒரு ஃபோனும் மடிக்கணினியும் இருக்கின்றன. ஆனாலும் வேலை பழைய வேலைதான்: வேறு வேறு நாளில் பிறந்த ஒலியையும் ஒளியையும் ஒரே கணத்தில் நடந்தவையாகப் பார்ப்பவரின் மூளை ஏற்க வேண்டும்.

மாணவர்கள் பாடல் காணொளி எடுக்கத் தொடங்கினால் பேச்செல்லாம் லென்ஸைப் பற்றியும் டிரோனைப் பற்றியும் வண்ணத் திருத்தம் பற்றியுமே போகிறது. என் கணிப்பில் அவர்கள் முதலில் பழக வேண்டியது நேரத்தைத்தான். காணொளி நேரத்தோடு நடத்தும் பேரம். அந்தப் பாட்டுக்கு வரையப்படும் கவரோ அதே நேரத்தை அசையாத ஒரு சதுரத்துக்குள் அடக்கிவிடுகிறது. இரண்டுக்கும் அடியில் பிளஸ் டூ இயற்பியலைத் தாண்டாத கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் வாடகைக் கருவிக்குச் செலவாகும் பணத்தில் பாதி மிச்சம்.

ஒலியின் வேகத்திலிருந்து தொடங்கலாம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். நொடிக்கு 25 பிரேம் என்று படம் பிடித்தால் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி கடப்பது 14 மீட்டர். ஆகவே ஸ்பீக்கரைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நடிகரை 28 மீட்டர் தள்ளி மொட்டைமாடியின் மறுகோடியில் நிறுத்தினால் அவர் வாய் இரண்டு பிரேம் தாமதமாகத்தான் அசையும். அவர் சரியாகவே செய்திருப்பார். பாட்டு அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததே தாமதம்.

இரண்டு பிரேம் பிசகினால் யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு அளந்து சொன்ன பதில் உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி படத்தை 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர்கள் உணரத் தொடங்குகிறார்கள். ஒலி பிந்தினாலோ 125 மில்லிநொடி வரை பொறுத்துக்கொள்கிறார்கள். முந்தினால் ஒரு பிரேம், பிந்தினால் மூன்று பிரேம். இந்த ஓரவஞ்சனை இயற்கையிலிருந்து வந்தது. மைதானத்தின் மறுபுறம் ஒருவர் பறையடித்தால் குச்சி தோலில் படுவதைக் கண் உடனே பார்த்துவிடும்; ஓசை பிறகு வரும். ஓசை முதலில் வந்து, அடி பிறகு விழுவது உலகத்தில் எங்கும் நடப்பதில்லை. பிறந்த நாள் முதல் அப்படியே பார்த்துப் பழகிய மூளை, பிந்தும் ஒலியை மன்னிக்கிறது, முந்தும் ஒலியை மன்னிப்பதில்லை. எடிட்டிங்கில் அரை பிரேம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சந்தேகம் வந்தால் ஒலியைப் பின்னால் தள்ளுவதே பாதுகாப்பு.

வாயைப் பார்ப்பது வெறும் அழகுக்காக அல்ல என்பதை 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரு உளவியலாளர்கள் காட்டினார்கள். ‘ப’ வரிசை ஓசையை ஒலிக்கவிட்டு, ‘க’ வரிசை ஓசையைச் சொல்லும் முகத்தைத் திரையில் காட்டினார்கள். கேட்டவர்களில் பலருக்கு இரண்டும் அல்லாத ஒன்று, ‘ட’ போன்ற ஓசை, காதில் விழுந்தது. கண்ணை மூடினால் மறுபடி ‘ப’. கண் தரும் செய்தியையும் கலந்த பிறகே மூளை “இதுதான் கேட்டது” என்று முடிவுசெய்கிறது. வாயசைவு பிசகிய பாட்டில் வரிகளே தெளிவில்லாமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாவம், அந்தப் பழி பெரும்பாலும் ஒலிக்கலவை செய்த மாணவர்மேல் விழுகிறது.

எல்லா எழுத்தும் வாயில் ஒரே அளவுக்குத் தெரிவதில்லை. ககரமும் ஙகரமும் நாவின் அடியில் நிகழ்பவை, கேமராவுக்கு அகப்படாது. பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்திப் பிறப்பவை, வகரம் மேற்பல்லும் கீழிதழும் சேர்ந்து பிறப்பது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துவைத்திருக்கிறது. லிப் சிங்க் பார்க்கிறவருக்கு அந்தப் பகுதி இன்றும் கைக்கு உதவும் குறிப்பு. பாட்டில் ‘ம்ம’, ‘ப்ப’ வரும் இடங்களைத் தேடுங்கள். ஒற்றை மகரத்துக்கு இதழ்கள் ஏறக்குறைய இரண்டு பிரேம் மூடியிருக்கும். இரட்டித்தால் இன்னும் நீளும். பாடகர் இழுத்தால் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நிற்கும். ஒலி அலையில் மகரம் தொடங்கும் இடமும் உதடு மூடும் பிரேமும் பொருந்தினால் அந்த ஷாட் முழுவதும் பொருந்திவிடும். பல்லவியில் ஒரு மகரம், சரணத்தில் ஒரு பகரம் போதும்.

ஆனால் ஷாட்டின் தொடக்கத்தில் பொருந்தியது முடிவிலும் பொருந்தியே இருக்குமா? இங்கேதான் இருவகைப் பிழையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாறாத தாமதம் ஒன்று, வளரும் தாமதம் இன்னொன்று. புளூடூத் ஸ்பீக்கர் முதல் வகை. அது ஒலியைச் சுருக்கி அனுப்பி விரித்து ஒலிப்பதற்குள் 100, 200 மில்லிநொடி போய்விடும். அதனால் கெடுதல் இல்லை. நடிகர் அந்த ஒலியைக் கேட்டே வாயசைக்கிறார், கேமராவின் மைக்கும் அதையே பதிகிறது. பிறகு டைம்லைனில் அந்தக் கரடுமுரடான ஒலியோடு ஒலிக்கூடத்துப் பாடலைப் பொருத்திவிட்டு முன்னதை நீக்கிவிடலாம். கிளாப் அடிப்பதும் இதற்கே. கை தட்டும் ஓசை ஒலி அலையில் ஊசிபோல் ஏறி இறங்கும் என்பதால் ஒரே பிரேமுக்குள் இடத்தைச் சுட்டிவிடலாம்.

வளரும் தாமதம் கடிகாரங்களிலிருந்து வருகிறது. ஃபோனுக்குள்ளும் ரெக்கார்டருக்குள்ளும் இருக்கும் குவார்ட்ஸ் படிகங்கள் இரண்டும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்று வையுங்கள். நாலு நிமிடப் பாட்டில் அது 12 மில்லிநொடி, கவலை வேண்டாம். ஒரு மணி நேரக் கச்சேரிப் பதிவில் 180 மில்லிநொடி, கண்ணுக்குத் தெரியும். இதைவிடக் கொடியது மாதிரி எண்ணிக்கைக் குழப்பம். நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்த பாடலை 48,000 என்று எண்ணி ஒரு கருவி ஓட்டினால் நாலு நிமிடப் பாட்டு பத்தொன்பதரை நொடி முன்னதாக முடிந்துவிடும், சுருதியும் ஏறியிருக்கும். “காலையில் சரியாத்தானே இருந்துச்சு” என்று படப்பிடிப்பில் எழும் பல புலம்பல்களுக்கு மூலம் இந்த இரண்டு எண்கள்.

நேரத்தோடு வேண்டுமென்றே விளையாடும்போது கணக்கு இன்னும் சுவையாகிறது. கூந்தல் மெல்ல அலையும், துணி மிதக்கும், பாடுபவரின் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். பாடலை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நடிகர் அந்த அவசரத்தில் வாயசைக்க, நொடிக்கு 50 பிரேம் பிடித்து, 25இல் திருப்பி ஓட்டுகிறார்கள். உதடு இயல்புக்கு வந்துவிடும். உடலும் காற்றும் புவியீர்ப்பும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். தி போலீஸ் இசைக்குழுவின் 1983ஆம் ஆண்டுக் காணொளி ஒன்று முழுக்க இந்த முறையில் எடுக்கப்பட்டது. கோல்ட்பிளே குழு 2002இல் ‘தி சயன்டிஸ்ட்’ பாடலுக்கு நேரத்தையே தலைகீழாக்கியது. குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் அந்தப் பாட்டைப் பின்னிருந்து முன்னாகப் பாடப் பழகி நடித்தார். படத்தைத் திருப்பி ஓட்டியபோது உலகம் பின்னோக்கி நடக்க, அவர் வாய் மட்டும் நேராகப் பாடியது. இரண்டுக்கும் சாதாரண ஃபோனும் நல்ல பயிற்சியும் போதும்.

வெளிச்சத்துக்கும் ஒரு தாளம் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த ட்யூப் லைட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, ஆக நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். மலிவான எல்இடி விளக்குகள் பலவும் இப்படித்தான். கண் இதை உணராது. ஃபோன் கேமரா சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் ஷட்டர் 1/60 நொடியில் இருந்தால் படத்தில் இருண்ட பட்டைகள் ஊர்ந்து போகும். 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழு மினுக்கங்களே கிடைக்கும், பட்டை மறையும். நொடிக்கு 30 பிரேமிலிருந்து 25க்கு மாற இதுவே போதிய காரணம்.

வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதிலும் எண் விளையாடுகிறது. நிமிடத்துக்கு 100 அடி உள்ள பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் 0.6 நொடி, 25 பிரேம் கணக்கில் சரியாக 15 பிரேம். 24 பிரேமில் எடுத்திருந்தால் 14.4. பிரேமைப் பின்னமாக வெட்ட முடியாதென்பதால் 14 என்று எண்ணிக்கொண்டே போனால் பத்து அடிக்குள் நாலு பிரேம் பிசகிவிடும். எண்ணக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஒலி அலையில் தாளம் விழும் புள்ளியையே பார்க்க வேண்டும். எல்லா வெட்டையும் அடியில் வைக்கிற மாணவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது சரணத்துக்குள் பார்ப்பவர் சலித்துப்போவார். எங்கே வெட்டு விழாமல் போகிறதோ அங்கேதான் பாட்டு மூச்சு விடுகிறது.

இனி கவர். 1930களின் இறுதி வரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் பழுப்புத் தாளுறையில், பெயர் மட்டும் தாங்கி விற்றன. கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர்தான் 1940 வாக்கில் உறைக்குப் படம் வரையலாம் என்று முதலாளிகளை ஒப்புக்கொள்ளவைத்தார். பின்னாளில் வந்த எல்பி தட்டின் உறை ஏறக்குறைய 31 செ.மீ. சதுரம். இன்று அதே கவர் ஃபோன் திரையில் 1 செ.மீ. சதுரத்துக்குச் சுருங்கிவிட்டது.

இதன் பொருளைக் கணக்கில் பாருங்கள். நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறு கோணம் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. 30 செ.மீ. தொலைவில் பிடித்த ஃபோனில் அது 0.09 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் 1 செ.மீ. அகலத்தில் கண் பிரித்தறிவது சுமார் 115 புள்ளிகளையே. பாட்டுச் செயலிகள் 3000 பிக்சல் அகலக் கோப்பைக் கேட்கின்றன. மாணவர் அத்தனை பிக்சலிலும் உழைக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் போய்ச் சேர்வது 115. எழுத்துக்கும் ஒரு கீழெல்லை உண்டு. கண் மருத்துவர் பலகையில் இயல்பான பார்வைக்கு உரிய எழுத்தின் உயரம் அந்தச் சிறு கோணத்தைப் போல் ஐந்து மடங்கு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான அளவு. சுழிகள் நிறைந்த ‘ண’வும் ‘ஞ’வும் அதற்கு மேலும் இடம் கேட்கும். தலைப்பைத் தமிழில் போட விரும்பும் மாணவர் எழுத்தின் கோட்டுத் தடிப்பையும் சுழிக்குள் இருக்கும் வெளியையும் பார்த்தே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று சொல் தலைப்பை ஒரு சொல்லாக்குவது பல நேரம் நல்ல முடிவு.

எழுத்தே இல்லாத முன்னட்டை ஒன்று, கவர் வடிவமைக்கிற எல்லா மாணவருக்கும் என்றோ ஒருநாள் கண்ணில் படுகிறது. மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழு 1979 ஜூனில் வெளியிட்ட ‘அன்னோன் பிளெஷர்ஸ்’. கறுப்புப் பின்னணியில் வெள்ளை வரிகள், நடுவில் மலைத்தொடர்போல் எழுந்து அடங்கும். சட்டைகளில் அச்சாகி உலகமெங்கும் திரிவதால் அது ஏதோ இசையின் ஒலி அலை என்று பலர் நினைக்கிறார்கள். அது விண்மீனின் துடிப்பு. அந்தப் படம் உருவான வழியில் மூன்று இளைஞர்கள் நிற்கிறார்கள்.

முதலாமவர் ஜாசலின் பெல், 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி, வயது 24. நாலரை ஏக்கரில் கம்பங்கள் நட்டுக் கம்பி கட்டி எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி, அதை எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் காகிதத்தில் பேனா கிறுக்கிக்கொண்டே போகும். அத்தனையையும் கண்ணால் பார்ப்பது அவர் வேலை. அதில் கால் அங்குல அளவில் ஒரு சிறு கிறுக்கல் வானத்தின் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். நவம்பர் 28 அன்று பேனாவுக்கு அடியில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டபோதுதான் கிறுக்கல் விரிந்து தனித்தனித் துடிப்புகளாகப் பிரிந்தது. 1.337 நொடிக்கு ஒன்று, பிசகாமல். கேமராவை இருமடங்கு வேகத்தில் ஓட்டி அசைவை விரிக்கிற அதே உத்தி. காகிதத்தில் அது ஒரு புதுவகை விண்மீனைக் கொடுத்தது. நகரம் ஒன்றின் அளவே உள்ள, சூரியனைவிடக் கனமான, சுழலும் நியூட்ரான் விண்மீன். பல்சார் என்கிறோம். 1974இல் இதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூயிஷுக்குப் போனது, மாணவிக்கு இல்லை. எத்தனை காரணம் சொன்னாலும் அது தவறு என்றே நான் நினைக்கிறேன். 2018இல் அவருக்குக் கிடைத்த பிரேக்த்ரூ சிறப்புப் பரிசின் 30 லட்சம் டாலரை, இயற்பியலில் இடம் கிடைக்காத பின்னணியிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகையாக அப்படியே கொடுத்துவிட்டார்.

இரண்டாமவர் ஹரால்டு கிராஃப்ட், கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் அதே பல்சாரைக் கேட்டார். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் சிறு முகடுகள் இருந்தன. துடிப்புக்குத் துடிப்பு அவை ஒழுங்காக இடம் நகர்கின்றனவா என்பது அவர் கேள்வி. துடிப்புகளை வரிசையாக நீட்டினால் அது தெரியாது. ஒன்றன்கீழ் ஒன்றாக 80 துடிப்புகளை அடுக்கினார். முன்வரி முகடு உயர்ந்தால் பின்வரி மறையும்படி நிரல் எழுதினார். 1970இல் அது அவர் ஆய்வேட்டில் இடம்பெற்றது. 1977இல் வந்த கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்தில் ஏறி, அங்கே ஜாய் டிவிஷன் குழுவினர் கண்ணில் பட்டது. மூன்றாமவர் பீட்டர் சாவில், மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் வடிவமைப்புப் படித்து முந்தைய ஆண்டுதான் வெளியே வந்தவர். வெள்ளையில் கறுப்பாக இருந்த வரைபடத்தைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார். பெயரும் தலைப்பும் வேண்டாமென்று விட்டுவிட்டார். தன் வரைபடம் இசைத்தட்டில் ஏறியது பல ஆண்டுகள் கழித்தே கிராஃப்டுக்குத் தெரிந்தது. கடைக்குப் போய் ஒன்றை வாங்கினார்.

1.337ஐ 80ஆல் பெருக்குங்கள். 107 நொடி. மேலிருந்து கீழாக அந்த அட்டையில் இருப்பது ஒரு நிமிடம் 47 நொடி நேரம். இசைக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது அரிது. ஏனென்றால் இசையும் திரும்பத் திரும்ப வரும் சுற்றுகளால் ஆனது.

மாணவர்கள் இந்தப் படத்தை நகலெடுத்து வரிகளுக்குப் பதில் பூனையின் முதுகை வரைவதை நிறையப் பார்க்கிறேன். முறையை எடுத்துக்கொள்வது அதைவிட நல்லது. உங்கள் பாடல் ஆதி தாளத்தில், நிமிடத்துக்கு 100 அடி என்று வையுங்கள். ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அடி, 4.8 நொடி. நாலு நிமிடப் பாட்டில் 50 ஆவர்த்தனம். ஒலி அலையை 4.8 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒலியின் உரத்தை மட்டும் எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். பத்து வரி பைத்தான் நிரல் போதும், கணினி அறிவியல் துறைத் தோழரிடம் கேளுங்கள். கணினித் தாளத்துக்குப் பதிந்த பாட்டானால் அடிகள் செங்குத்து முகடுகளாக நேர்கோட்டில் நிற்கும். மிருதங்கமோ பறையோ உயிரோடு வாசித்ததானால் முகடுகள் கொஞ்சம் சாயும்; சரணத்தில் வாசித்தவர் வேகம் எடுத்தால் இடப்பக்கம், தளர்ந்தால் வலப்பக்கம். நீங்கள் நினைத்த சுற்று நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 50ஆவது வரியில் முகடு அகலத்தின் இருபதில் ஒரு பங்கு தள்ளிப்போயிருக்கும். பல்சாரின் சுற்று நேரத்தை வானியலாளர்கள் திருத்துவது இந்தச் சாய்வைப் பார்த்துத்தான். வாசித்தவரின் கை அந்தக் கவரில் பதிந்துவிடும். வேறெந்தப் பாட்டுக்கும் அந்தக் கவர் பொருந்தாது.

அளவுதான் மிச்சம். வரி ஒன்று, இடைவெளி ஒன்று என்று கண் பிரித்துப் பார்க்கக் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும். 115 புள்ளிக்குள் ஓரங்களை விட்டுப் பாதிக்குச் சற்று மேல் இடத்தை வரைபடத்துக்குக் கொடுத்தால் 30 வரி தேறும். 50 வரி போட்டால் ஃபோனில் அது சாம்பல் பூச்சாகிவிடும். இரண்டிரண்டு ஆவர்த்தனத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால் 25 வரி. மங்கலான துடிப்பை இரைச்சலிலிருந்து பிரிக்க வானியலாளர்களும் இப்படிக் கூட்டுகிறார்கள். ஆனால் கூட்டக் கூட்ட, கையின் சிறு நெளிவுகள் கரைந்துவிடும். அதனால் ஃபோனுக்கு 25 வரியில் ஒன்று, கல்லூரிச் சுவரில் ஒட்டும் போஸ்டருக்கு 50 வரியில் ஒன்று என்று இரண்டாகவே செய்யுங்கள். போஸ்டரின் கீழோரத்தில் தாளம் வாசித்தவர் பெயரும் நிரல் எழுதியவர் பெயரும் படிக்கிற அளவில் இருக்கட்டும்.